செயற்கை நுண்ணறிவைச் சந்தேகிப்பவர்கள் முன்னேற்றத்துக்கு எதிரானவர்களா?

இல்லை. இந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்பியவர்களில் ஒருவரே கணினி அறிஞர்தான். 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்த சொற்களையே கேள்வியாகத் திருப்பிப்போடும் எளிய நிரல் அது. ஆனாலும் மக்கள் அதனிடம் மனம்விட்டுப் பேசினார்கள். அவருடைய செயலாளரே, எலிசாவுடன் தனியாகப் பேச வேண்டும், வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாராம். கலங்கிப்போன வைசன்பாம், பின்னாளில் கணினியின்மீதான கண்மூடித்தனமான நம்பிக்கையைக் கடுமையாக விமர்சித்தார்.

சாட்ஜிபிடி போன்ற நிரல்களை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகள் எலிசாவைவிடப் பல மடங்கு திறன் மிக்கவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்தே அவை வாக்கியத்தைக் கட்டுகின்றன. பொருத்தமாக ஒலிப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி புனைந்துகொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். என்னை உலுக்குவது அபராதமல்ல. அந்தத் தீர்ப்புகள் உண்மையானவையா என்று அவர்களில் ஒருவர் சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார், ஆம் என்றது. பொய் சொன்னவனிடமே சாட்சி கேட்ட கதை!

வேலையிழப்பு, மின்சாரச் செலவு பற்றிய கவலைகளும் நியாயமானவையே. என் பெரிய அச்சம் வேறு: தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் நிரல் பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தபோது, தான் பொறுப்பல்ல என்றே நிறுவனம் வாதிட்டது. 2024-இல் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று அதை ஏற்காமல், இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.