குறியெதிர்ப்பை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

முதுகலை முடிக்கப்போகிறேன். வளர்ச்சி உதவித் துறையில் வேலை பார்ப்பது நெடுநாள் ஆசை. இப்போது பயமாக இருக்கிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு தனி அமைப்பாக இல்லாமல் போய்விட்டது. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆக்கப்போகிறது. நண்பர்களோ ‘நல்லதுதான்’ என்கிறார்கள். பணக்கார நாடுகள் போடும் பிச்சை ஏழை நாடுகளைச் சோம்பேறிகளாக்குகிறதாம், பாதியை ஊழல் தின்கிறதாம், கொடுப்பவர்களுக்கு உள்நோக்கம் மட்டும்தானாம். எனக்கும் ஓரளவு அப்படித்தான் தோன்றுகிறது. இதை நம்பி மேலே படிக்கலாமா? படிப்பதென்றால் வளர்ச்சிப் பொருளாதாரமா, புள்ளியியலா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பழைய காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன்.

‘பிச்சை’ என்ற சொல்லை நண்பர்கள் தலையில் போட்டுவிட்டு, ‘எனக்கும் ஓரளவு’ என்று பின்னால் போய் நின்றுகொள்கிறீர்கள். இந்த நழுவல் வேண்டாம். கருத்து உங்களுடையது என்றால் நேராகச் சொல்லுங்கள். சோம்பேறிகளாக்குகிறது என்பதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தை எப்படி ஐயா சோம்பேறியாகும்? 2003-ல் ஜார்ஜ் புஷ் தொடங்கிய பெப்ஃபார் திட்டத்தில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, சாகாமல் மறுபடி வேலைக்குப் போனவரைப் பார்த்து இதைச் சொல்வீர்களா?

ஊழல் உண்டு. ஜைரேயை (இன்றைய காங்கோ) 1965 முதல் 1997 வரை சர்வாதிகாரி மொபுட்டு சுரண்டியது கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. பன்னாட்டு நிதியம் அனுப்பி அங்கே மத்திய வங்கியில் உட்கார்ந்து பார்த்த ஜெர்மன் வங்கியாளர் எர்வின் புளூமென்தால், கொடுத்த கடன் திரும்பாது என்று 1982-லேயே எழுதிவைத்துவிட்டார். பணம் அதன் பிறகும் போனது. பனிப்போரில் மொபுட்டு வேண்டப்பட்டவர், அவ்வளவுதான். சாவியைக் கொடுத்தவரை விட்டுவிட்டுத் திருட்டைப் பற்றி மட்டும் பேசும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

உள்நோக்கம் என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பேச்சு இருக்கிறது. உள்நோக்கம் இல்லாத உதவி எங்கே இருக்கிறது? 1960-ல் டாக்காவில் ஒரு காலரா ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். கம்யூனிசத்தைத் தடுக்க அமெரிக்காவும் கூட்டாளிகளும் அமைத்த சீட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் பெயரில் வந்த பணம். இதைவிடக் கெட்ட உள்நோக்கத்தை உங்கள் நண்பர்களால் காட்ட முடியுமா? அந்தக் கூடத்தின் ஆய்வாளர்கள்தான் 1968-ல், உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரை வாயால் குடிக்கவைத்தே பெரும்பாலான காலரா நோயாளிகளைத் தேற்றலாம், நரம்பில் ஏற்றும் சலைன் கொஞ்சம் போதும் என்று காட்டினார்கள். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் அந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதன் பிறகு உலகம் முழுக்க அந்த உப்பு-சர்க்கரைப் பொட்டலம் வயிற்றுப்போக்கில் எத்தனை குழந்தைகள் இழந்த நீரை ஈடுகட்டிச் சாவைத் தள்ளிப்போட்டது என்று எண்ணி மாளாது. ராணுவக் கூட்டணி என்ன ஆயிற்று? 1977-ல் கலைந்துபோனது. ஆய்வுக்கூடம் டாக்காவில் இன்றும் இருக்கிறது.

கொடுப்பவரின் மனசை நான் சோதிப்பதில்லை. கொடுத்த பணம் எங்கே போய் நின்றது என்று பார்ப்பேன். டாக்காவில் அது மருத்துவர்களாகவும் அறிவாகவும் அங்கேயே தங்கிவிட்டது.

தமிழில் குறியெதிர்ப்பை என்று ஒரு பழைய சொல் உண்டு. அளவு குறித்து வாங்கி, அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது. ஈகை என்று சொல்லிக்கொண்டு செய்யும் பலவற்றுக்கு அதுதான் சரியான பெயர். உணவு உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா 1954-ல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தபோது அங்கே கிடங்குகளில் தானியம் மலையாகக் கிடந்தது. பசித்தவனுக்குச் சோறு, சரி. ஆனால் தானியத்தை அமெரிக்காவில்தான் வாங்க வேண்டும், குறைந்தது பாதியையாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் ஏற்ற வேண்டும். பஞ்சம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே சோளம் விளைந்து கிடந்தாலும் கடல் தாண்டித்தான் மூட்டை வரும். இதைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று புஷ் அரசே கேட்டுப் பார்த்தது. விவசாயிகள் சங்கங்களும் கப்பல்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், தொண்டு நிறுவனங்கள் சிலவும்கூட. ஏனென்றால் அந்தத் தானியத்தை உள்ளூர்ச் சந்தையில் விற்றுத்தான் அவை தங்கள் திட்டங்களுக்குப் பணம் புரட்டின. விற்ற இடத்தில் உள்ளூர் விவசாயியின் விலை விழுந்தது. கேர் என்ற தொண்டு நிறுவனம் 2007-ல், ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி டாலர் வரும் இந்த ஏற்பாடு வேண்டாம், விலகிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. அதற்குத் துணிச்சல் வேண்டும். சொந்த அலுவலகத்தின் சம்பளத்தில் கைவைப்பது அது.

பிரிட்டன் மலேசியாவின் பெர்காவ் அணைக்குக் கொடுத்த 23.4 கோடி பவுண்டு இன்னும் மோசம். ஆயுத விற்பனையோடு முடிச்சுப் போட்ட பணம். 1994-ல் லண்டன் உயர் நீதிமன்றமே அது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொன்னது.

இனி காகிதக் கட்டு. எழுத ஆரம்பிப்பதற்கு முன் மூன்று வருடம் நான் ஓர் உதவி அமைப்பின் கணக்குப் பிரிவில் இருந்தேன். தொலைதூரச் சுகாதார நிலையம் ஒன்றுக்குத் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி கொடுத்திருந்தோம். அதன் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. அங்கிருந்த செவிலியர் எழுதினார்: வளையம் இங்கேயே கிடைக்கிறது, வாங்க அனுமதி வேண்டும். நான் கோப்பில் வைத்து மேலே அனுப்பினேன். உதிரிபாகம் பணம் கொடுத்த நாட்டில்தான் வாங்க வேண்டும், கொள்முதல் விதி என்று திரும்பி வந்தது. அவர் ஏழு கடிதம் எழுதினார். முதலில் மரியாதை, நடுவில் கெஞ்சல். ஏழாவதில் ஒரே வரி: பெட்டியில் இப்போது பதிவேடுகளை வைத்திருக்கிறோம், எலி கடிக்காமல் இருக்கின்றன.

அந்த ஏழு கடிதங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். விதியைக் காட்டி ‘இயலாது’ என்று பதில் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கியவன் நான்தான். எங்கள் ஆண்டறிக்கையில் அந்தப் பெட்டி ‘வழங்கப்பட்டது’ என்ற பத்தியில் கடைசிவரை இருந்தது. பெயர் தெரியாத அந்தச் செவிலியரைப் போல் அழகான கையெழுத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அதனால்தான் தொகையைப் பற்றி நீங்கள் கவலைப்படும்போது என் மனம் அதில் ஒட்டவில்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் கொடுப்பது என்று ஐ.நா. பொதுச்சபை 1970-ல் தீர்மானம் போட்டது. 2024-ல் அதை எட்டியவை நார்வே, லக்ஸம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் என நாலே நாடுகள். தன் மண்ணுக்கு வந்த அகதிகளுக்கு முதல் வருடம் ஆகும் செலவையும் உதவிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருப்பதால், வெளியே போகாத பணமும் வெளியே போனதாக எழுதப்படுகிறது. குறைக்கிறார்களே என்று கோபப்படுங்கள், நானும் கோபப்படுகிறேன். மருந்து நின்றுபோன இடங்களில் ஆட்கள் சாவார்கள். ஆனால் மிச்சமிருப்பதில் எவ்வளவு எந்தக் கப்பலில் திரும்பிப் போகிறது என்று பார்க்கவும் யாராவது வேண்டுமில்லையா?

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. பாதி மறந்துவிட்டேன் என்பது உண்மைதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். பயப்படாமல் போங்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்த வேலை கனவில் வருகிறது என்றால் அது வீண் வேலையாக இருக்க முடியாது. வளர்ச்சிப் பொருளாதாரமா, புள்ளியியலா என்று கேட்டிருந்தீர்கள். கணக்கியல் படியுங்கள்.