கோவை கோரா காட்டன் சேலை ஏன் விறைப்பாக நிற்கிறது?
கஞ்சிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விறைப்பு நூலிலேயே இருக்கிறது. பட்டுப்புழு தன் இழைகளைப் பசையால் ஒட்டித்தான் கூடு கட்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்த செரிசின் பசைதான். காஞ்சிபுரம் பட்டுக்கும் நம்ம சிறுமுகை சாஃப்ட் சில்க்குக்கும் நூலைச் சோப்பு, சோடா போட்டு வேகவைத்து அந்தப் பசையை எடுத்துவிடுவார்கள். பளபளப்பும் குழைவும் அப்படித்தான் வருகின்றன. கோரா சேலையில் பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, பசை எடுக்காத பட்டு; ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் நூலுக்கு, பருத்தி. அதனால் மடிப்பு கலையாது, உடம்பில் பாரமும் தெரியாது. கொங்கு வெயிலில் கல்யாணத்துக்குக் கட்ட இதைவிட நல்ல சேலை இல்லை என்பேன். சூடான சோப்புத் தண்ணீரில் மட்டும் ஊறவைக்காதீர்கள், பசை கரைந்து துவண்டுவிடும்.