வீசிங்குக்கு ஹோமியோபதி: இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது தோலில் கரப்பான் (எக்ஸிமா) வந்து களிம்பு தடவினோம். நாலு வயதிலிருந்து வீசிங். தினமும் இன்ஹேலர் எடுக்கிறான். "கரப்பானை அமுக்கியதுதான் இழுப்பாக மாறியிருக்கிறது. இன்ஹேலரை நிறுத்துங்கள். முதலில் அதிகமானால் பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி" என்கிறார் ஹோமியோபதி மருத்துவர். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் மூச்சுக்குழாயின் அழற்சியை அடக்கி வைக்கிறது. அதை விட்டால் சில நாள், சில வாரம் ஒன்றும் தெரியாது. அழற்சி உள்ளே திரும்பிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு சளிக்காய்ச்சலே கடும் இழுப்பில் கொண்டுபோய் விடலாம்.

அவர் சொன்னது ஹோமியோபதியை உருவாக்கிய ஜெர்மானியர் சாமுவேல் ஹானிமனின் கொள்கை. நாள்பட்ட நோய்களைப் பற்றி 1828-இல் வெளிவரத் தொடங்கிய நூலில், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'சோரா' என்ற மூலக்கோளாறே காரணம் என்றார். சொறி சிரங்கை மேல்பூச்சால் அடக்கினால் நோய் உள்ளுறுப்புகளுக்குப் போய்விடும் என்பது அவர் கணிப்பு. அது தவறு: சிரங்குக்குக் காரணம் ஒரு நுண்ணிய பூச்சி என்பதை 1834-இல் பாரிஸில் ஒரு மருத்துவ மாணவர் ஊசிமுனையில் எடுத்தே காட்டிவிட்டார்.

ஆனால் கரப்பான் வந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் வீசிங் வருவது அதிகம் என்பது உண்மைதான். ஒரே ஒவ்வாமைத் தன்மை முதலில் தோலிலும், பிறகு மூச்சுக்குழாயிலும் வெளிப்படுகிறது. களிம்பு போடாமல் விட்டிருந்தாலும் வந்திருக்கலாம். உங்கள் மேல் தவறே இல்லை. அந்தக் குற்ற உணர்வை இன்றே விட்டுவிடுங்கள்.

இனி ஹோமியோபதி மருந்துக்கு வருவோம். அதில் 30சி வீரியம் என்பது நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்க்கச் செய்தது. 12 முறை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதுகூட அரிது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. அப்படியானால் பலருக்குக் குணமாவது எப்படி? வீசிங் தானாகவே கூடும், குறையும். பல பிள்ளைகளுக்கு வளர வளரத் தணியும். அந்தச் சமயத்தில் சாப்பிட்ட உருண்டைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

நான் மிகவும் அஞ்சுவது "அதிகமானால் நல்ல அறிகுறி" என்ற வார்த்தைக்குத்தான். இழுப்பு அதிகமாவது எப்போதும் கெட்ட அறிகுறி. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ, உடனடி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்துக் கொடுத்தபடியே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள். 108-ஐ அழையுங்கள்.

மருந்தைக் குறைக்க நினைப்பது நியாயமான ஆசைதான். இரண்டு மூன்று மாதம் இரவு இருமலும் இழுப்பும் இல்லாமல் இருந்தால் குழந்தை மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அடுத்த முறை போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துச் சென்று, பையன் அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டட்டும்.