திலாப்பியா தொட்டியில் வேப்பிலை, புகையிலை ஊற்றலாமா?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 10 அடி கான்வாஸ் தொட்டி வைத்திருக்கிறேன், 3 அடி தண்ணீர். சிவப்புத் திலாப்பியா குஞ்சுகள் ஓரத்தில் உடம்பை உரசுகின்றன, மேலே வெண்சளி படிகிறது, தினமும் இரண்டு மூன்று சாகின்றன. வேப்பிலையும் புகையிலையும் ஊறவைத்து ஊற்றச் சொல்கிறார்கள். நாங்களே சாப்பிடும் மீன், ரசாயனம் வேண்டாம். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்தப் புகையிலையைத் தூரப் போடுங்கள். நிக்கோட்டின் பூச்சியோடு மீனையும் சேர்த்துக் கொன்றுவிடும். செடியிலிருந்து வந்தால் சாது என்று யார் சொன்னது? தூபா வேரை நசுக்கி ஆற்றில் விட்டு மீன் பிடித்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அதுவும் செடிதான். வேப்பிலை அவ்வளவு மோசமில்லை, ஆனால் கைக்கு வந்த அளவு போட்டால் குஞ்சு தாங்காது, இலை அழுகினால் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனும் போய்விடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிரைக்கோடினா என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி மாதிரி இருக்கிறது, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. செத்து மிதக்கிற மீனில் தேடாதீர்கள், ஒட்டுண்ணி அதற்குள் கழன்றுபோயிருக்கும். தள்ளாடுகிற மீனைப் பிடித்து, செதில் மேல் இருக்கும் சளியை மெதுவாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டமாக, நடுவில் பல் பல்லாய் ஒரு வளையத்தோடு, சுற்றிச் சுற்றி ஓடும். வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய், அதற்கு ஒரு தடவை மருந்து போதாது, தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை எதுவும் தொடாது, அது வெளியே வந்து நீந்தும்போதுதான் சாகும்.

சரி, ரசாயனம் வேண்டாம் என்றீர்களே, அதற்குப் பூண்டு இருக்கிறது. தாய்லாந்தில் திலாப்பியா குஞ்சுகளில் சோதித்தபோது பூண்டுச் சாறும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைச் சாறும் லிட்டருக்கு 800 மில்லிகிராம் அளவில் டிரைக்கோடினாவை ஒழித்திருக்கின்றன. உங்கள் தொட்டியில் கிட்டத்தட்ட 8,500 லிட்டர் தண்ணீர், அப்படியானால் ஏழு கிலோ வேண்டும், பூண்டு விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகுமா? அதனால் 100 லிட்டர் டிரம்மில் செய்யுங்கள். 80 கிராம் பூண்டை நசுக்கிப் பிழிந்து, வடிகட்டிக் கலந்து, காற்றுக் குழாயைப் போட்டு, முதலில் நாலைந்து குஞ்சுகளை மட்டும் விட்டுப் பாருங்கள். வாய் பிளந்து மேலே வந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் அதைவிடச் சல்லிசு உப்புதான். தொட்டியில் அல்ல, தனி டிரம்மில் 100 லிட்டருக்கு 2 கிலோ கல்லுப்பைக் கரைத்து, மீனை ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள், பக்கத்திலேயே நிற்க வேண்டும், மீன் புரண்டால் அந்த நொடியே நல்ல தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். பூண்டைத் தீனியிலும் கொடுக்கலாம், கிலோவுக்கு 20 கிராம் அரைத்துக் கொஞ்சம் எண்ணெயோடு பிசறி உலர்த்தி. அது எதிர்ப்புச் சக்திக்கு, ஏற்கெனவே ஒட்டியதை உதிர்க்க அல்ல.

அப்புறம் தண்ணீர். டிரைக்கோடினா அசுத்தத்தில்தான் பெருகும், மிச்சத் தீனியும் கழிவும் அடியில் கிடக்கிற வரைக்கும் எந்த இலையும் உதவாது. அடிக்கழிவை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் காற்றடித்து வைத்த பிறகு. குஞ்சு நெருக்கமாக இருந்தால் பாதியைப் பிரித்துவிடுங்கள்.

அலங்கார மீன் கடையில் மலக்கைட் பச்சை என்ற சாய மருந்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள், சாப்பிடும் மீனுக்கு அது தடை. ஒரு வாரத்தில் சாவு நிற்கவில்லையென்றால் நோய்ப்பட்ட மீனை உயிரோடு பையில் போட்டு மாவட்ட மீன்வள அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.