ராஜா வைத்த குழுவைத் திட்டாதீர்கள்

கேள்வி: குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்து, 'ஆளில்லாத ஒரு தீவில் குடியேறுகிறீர்கள், அங்கே எப்படிப்பட்ட சமுதாயம் அமைப்பீர்கள்?' என்று செயல்திட்டம் கொடுத்தேன். நான்கு குழுக்கள் ஒரே மாதிரி எழுதி வந்தன: சாதி இல்லை, மதச்சண்டை இல்லை, வறுமை இல்லை, மது இல்லை, லஞ்சம் இல்லை. சார்ட்டில் வானவில், புறா. ஐந்தாவது குழு ராஜா வைத்துவிட்டது. அந்தக் குழுவில் சத்தமாகப் பேசுகிற பையன்தான் ராஜா. மாணவிகள் மூன்று பேருக்கும் அரண்மனைச் சமையல். எனக்குக் கோபம், ஆனால் இன்னும் எதுவும் சொல்லவில்லை. 'போர்ஷனை முடிக்கிற வழியைப் பாருங்க டீச்சர்' என்கிறார்கள் ஸ்டாஃப் ரூமில். இதை இத்துடன் விட்டுவிடலாமா? தொடர்ந்தால் எப்படித் தொடர்வது? மதிப்பெண் எப்படிப் போடுவது?
- ஓர் ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர், விட வேண்டாம். போர்ஷன் கவலையை முதலில் தள்ளிவைப்போம். ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் அரசாங்க அமைப்புகளும் மக்களாட்சியும் பாடமாகவே இருக்கின்றன. நீங்கள் அதைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் சுற்றுவழியாக. ஸ்டாஃப் ரூமில் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்தது அந்த ராஜா. திட்டாதீர்கள். உங்கள் ஐந்து குழுக்களில் யார் முடிவெடுப்பது, யார் வேலை செய்வது என்று எழுதியது அவர்கள் மட்டும்தான். அது மோசமான ஏற்பாடு என்பது வேறு விஷயம். மற்ற நான்கு குழுக்களும் அந்தக் கேள்வியையே தொடவில்லை. 'லஞ்சம் இல்லை' என்று எழுதியவர்களிடம், லஞ்சம் வாங்கியவனை யார் விசாரிப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். ராஜா குழுவிடம் கேளுங்கள், உடனே பதில் வரும்: ராஜா. அப்புறம் ராஜாவே வாங்கினால்? ராஜாவுக்குக் காய்ச்சல் வந்தால்? அடுத்த ராஜா யார்? சமையல் செய்கிற மூன்று பேரும் ஒருநாள் 'முடியாது' என்றால்? இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்காதீர்கள். மற்ற குழுக்களைக் கேட்க வையுங்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக எழுதும் வேலை மட்டும் செய்துவிட்டு வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். முதல் கேள்வி அவர்களுடையது என்று விதி வையுங்கள்.

வானவில் சார்ட்டுகளுக்கு வருகிறேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை. 'நல்ல சமுதாயம்' என்றால் பேச்சுப் போட்டியில் சொல்வதைத்தான் அவர்கள் எழுதுவார்கள், பரிசு கிடைப்பது அதற்குத்தானே. பரந்த கேள்வியை எடுத்துவிட்டு, பற்றாக்குறையான ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். குமரி மாவட்டத்தில் இதற்குத் தண்ணீரைவிட நல்ல பொருள் கிடையாது. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கன்னிப்பூ என்ற முதல்போக நெல் சாகுபடிக்கு ஜூன் மாதத்தில் தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு வயலுக்கு வந்து சேர்ந்ததா என்ற தகராறும் கூடவே வரும். உங்கள் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டிலாவது இந்தப் பேச்சு நடந்திருக்கும். ஆகவே தீவுக்கு ஒரு குளம், ஒரு கால்வாய், நூறு வீடு, ஐம்பது வயல். இந்த வருஷம் தண்ணீர் முப்பது வயலுக்குத்தான் வரும். யாருக்கு, எந்த முறையில், யார் சொல்லி? இரவில் மடையைத் திறந்துவிட்டவனை என்ன செய்வது? ஒரு பீரியட் முழுக்க இதற்கே கொடுங்கள்.

விதிகளை எழுதி முடித்த பிறகு சீட்டுக் குலுக்குங்கள். தீவில் யார் யாராக இருக்கப்போகிறோம் என்பது அப்போதுதான் தெரிய வேண்டும். மடைக்குப் பக்கத்திலேயே வயல் உள்ளவர், கடைவரம்பில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குப் பயிர் செய்பவர், வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், சந்தையில் மீன் விற்கும் அம்மா, ரப்பர் பால் வெட்டுபவர், கணவர் வளைகுடாவில் இருக்க மூன்று பிள்ளைகளைத் தனியாகப் பார்ப்பவர், கண் தெரியாத தாத்தா, வட மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு நேற்றுதான் வந்தவர். சீட்டு எடுத்த பிறகு 'விதியை மாற்றலாமா டீச்சர்?' என்று ஒரு கூச்சல் வரும் பாருங்கள், அந்தக் கூச்சலுக்காகத்தான் இந்தச் செயல்திட்டமே. மாற்றலாம், ஆனால் எல்லோரும் கூடிப் பேசித்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். நான் எந்த இடத்தில் பிறப்பேன் என்று தெரியாத நிலையில் வகுக்கும் விதியே நியாயமானது என்ற இந்த யோசனையை ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1971-ல் விரிவாக எழுதினார். பிள்ளைகளுக்கு அவர் பெயர் தேவையில்லை. உங்கள் தலைமையாசிரியர் கேட்டால் பயன்படும்.

'சாதி இல்லை' என்ற வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதை அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு தப்பிக்க விடாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் இது யாரும் காகிதத்தில் எழுதி முடித்த காரியம் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்கே, அன்று உங்கள் பகுதி சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பல பத்தாண்டுகள் போராடி, அடிபட்டு, 1859-ல் அரச அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே சுவாமிதோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியும் தண்ணீர் எடுக்க ஒரு கிணறு வெட்டினார். அந்த முத்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது. ஆண்கள் தலைப்பாகை கட்டி வந்து கும்பிட வேண்டும் என்றார். தலைப்பாகை கட்டும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தவர்களிடம் அப்படிச் சொன்னார். கிணறு, துணி, பந்தி என்று கையால் தொடக்கூடிய இடங்களில்தான் அவர் கைவைத்தார். உங்கள் பிள்ளைகளையும் அந்த அளவுக்கு இறங்கச் சொல்லுங்கள். தீவில் கிணறு எத்தனை, எங்கே? யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? துப்புரவு வேலை யாருக்கு, சம்பளம் என்ன? வகுப்பில் ஒன்றில் மட்டும் கவனம் தேவை. எந்தப் பிள்ளையையும் 'உங்க வீட்டில் எப்படி?' என்று கேட்க வேண்டாம். தீவைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஐந்து குழுவும் மறந்த இன்னொன்று சொத்து. செத்தவருடைய வயல் யாருக்கு? 'பிள்ளைக்குத்தான், இதிலென்ன கேள்வி?' என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் அது மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போனது. பெற்ற பிள்ளையும் மனைவியும் காரணவர், அதாவது குடும்பத் தலைவர், செத்த மறுநாள் நடுத்தெருவில் நிற்கிற நிலைமைகூட உண்டு. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைக் கிண்டலடித்து நெடும்பாட்டே எழுதினார். 1926-ல் சட்டம் வந்து முறை மாறியது. வகுப்பில் இதைக் கதையாகச் சொல்லுங்கள். எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று பிள்ளைகள் நினைக்கிற ஒன்று, அவர்களுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் வேறாக இருந்தது என்று தெரியும்போது கற்பனைக்குக் கொஞ்சம் துணிச்சல் வரும். பாதி வகுப்பு வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்கும். அதுவும் நல்லதுதான்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மீன்பிடித் தடைக்காலமே போதும். ஒரே மாவட்டத்தில் சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கோடு எங்கே போடுவது, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு நஷ்டம் என்றால் யார் ஈடுகட்டுவது என்று அவர்கள் உங்களுக்கே பாடம் எடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட விளையாட்டில் நடுவே 'தீவில் புயல் வந்துவிட்டது, இனி என்ன செய்வீர்கள்?' என்று ஒரு சீட்டுப் போடுவது பலர் சொல்லும் உத்தி. உங்கள் ஊரில் வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் அப்பாவையோ மாமாவையோ கடலில் விட்டுவிட்ட வீடுகள் உங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. நெல்லுக்குப் பூச்சி விழட்டும், கால்வாய் உடையட்டும், அது போதும்.

எத்தனை பீரியட் என்று கேட்பீர்கள். நான்கு போதும், ஐந்தானால் நல்லது. தலைமையாசிரியர் முகம் சுளித்தால், நம் அரசியல் நிர்ணய சபைக்கே 1946 டிசம்பரிலிருந்து 1949 நவம்பர் வரை ஆனது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

மதிப்பெண்ணுக்கு, சார்ட்டின் அழகுக்கு ஒரு மார்க் கூட வேண்டாம். நான் இதில் கொஞ்சம் பிடிவாதம். முதலில் எழுதிய விதி, சீட்டு எடுத்த பிறகு மாற்றிய விதி, ஏன் மாற்றினார்கள் என்ற காரணம், இந்த மூன்றையும் ஒரே நோட்டில் அடித்தல் திருத்தலோடு கேளுங்கள். பாதி மார்க் காரணத்துக்கு. கால் பங்கு, வேறொரு குழுவிடம் கேட்ட கேள்விக்கு. மீதி, குழுவுக்குள் ஒத்துப்போகாத பிள்ளை தன் மாற்றுக்கருத்தைத் தனியாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அதற்கு. அப்படி ஒருவர்கூட எழுதாத குழுவில் யாரோ ஒருவர் மட்டும்தான் பேசியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குழுவோடு ஒரு மத்தியானம் உட்காருங்கள். ராஜா குழுவில் சமையல் பொறுப்பில் இருக்கும் மூன்று பேரிடமும் இப்போதே ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுங்கள்.