லாபம் இரட்டிப்பு, டிவிடெண்ட் மட்டும் அதே இடத்தில்

ஆலை, கட்டடம், தோட்டம் மூன்றும் வைத்திருக்கும் குழுமத்தின் ஒருங்கிணைந்த லாபம் (தாய், துணை நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்தது) இரட்டிப்பாகியும் டிவிடெண்ட் ஏன் நகரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த லாபத்தில் பெரும்பகுதி, சொத்தின் விலை ஏறியதாகக் கணக்கில் மட்டும் காட்டிய, இன்னும் பணமாகாத மதிப்பேற்றமாக இருக்கலாம். யாரோ பணத்தை அமுக்குகிறார்கள் என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள்.

சர்வதேசக் கணக்கியல் தரம் 40-இன்படி, வாடகைக்கு விட்ட கட்டடங்களை நியாய மதிப்பில் (இன்றைய சந்தை மதிப்பில்) காட்டும் நிறுவனம், மதிப்பு ஏறினால் அதை அந்த ஆண்டு லாபத்திலேயே சேர்க்க வேண்டும். ஒரு செங்கல்லைக்கூட விற்றிருக்கத் தேவையில்லை. கால்நடைக்கும் வளரும் பயிருக்கும் தரம் 41 கிட்டத்தட்ட இதையே செய்கிறது. ரப்பர், எண்ணெய்ப்பனை போல ஆண்டுக்கணக்கில் விளைச்சல் தரும் மரங்கள் மட்டும் 2016 முதல் இயந்திரம் போலத் தேய்மானத்துக்கு (ஆண்டுதோறும் மதிப்பைக் குறைத்துக் காட்டும் முறைக்கு) போய்விட்டன. பனையில் தொங்கும் குலை இன்னும் தரம் 41-இல்தான் இருக்கிறது. (விசித்திரம்தான்.)

சரி, எப்படிச் சரிபார்ப்பது?

1. பணப்புழக்க அறிக்கையில் இயக்க நடவடிக்கைகளின் முதல் வரிகளைப் பாருங்கள். லாபத்திலிருந்து ‘நியாய மதிப்பு ஆதாயம்’ என்று கழித்திருக்கிறார்களா? அந்தத் தொகையை லாப உயர்வோடு ஒப்பிடுங்கள்.
2. அப்புறம் பிரிவுவாரிக் குறிப்பு: ஆலை, கட்டடம், தோட்டம் என ஒவ்வொரு தொழிலின் லாபத்தையும் தனித்தனியே காட்டும் பகுதி. உயர்வு ஆலையிலிருந்து வந்திருந்தால் என் ஊகம் தவறு.

ஒரு எச்சரிக்கை: கட்டடங்களை அடக்கவிலையில் (வாங்கிய அல்லது கட்டிய செலவில்) காட்டும் நிறுவனத்துக்கு, கட்டடம் பற்றிய இந்த விளக்கம் பொருந்தாது. அப்படியானால் தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கைப் படியுங்கள். பொதுவாக டிவிடெண்ட் அங்கிருந்துதான் வரும். துணை நிறுவனங்களின் பணம் கடன் ஒப்பந்த நிபந்தனைகளால் தாய் நிறுவனத்துக்கு வராமல் கீழேயே நிற்கலாம்.