உப்புவெளி மேல்மாடி வீடு: தனி வீடா, தொடர்மாடியா?

வணக்கம். கீழே நீங்கள், மேலே வாடகைக் குடும்பம், வெளிப்படிக்கட்டு, இரண்டு மின்மானி; வங்கிப் படிவத்தில் 'தனி வீடு', 'இணைவீடு', 'தொடர்மாடி' மூன்றில் எதை அடையாளமிடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

படிக்கட்டையும் மின்மானியையும் விட்டுவிடுங்கள். பலர் அவற்றைப் பார்த்துத்தான் 'தொடர்மாடி' என்று போட்டுவிடுகிறார்கள். வகையைத் தீர்மானிப்பது காகிதம். காணி உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) அட்டவணையையும் நில அளவை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே காணித்துண்டு, ஒரே உறுதி, சுற்றிவர உங்கள் நிலம் என்றால் அது தனி வீடு, இரண்டு குடியிருப்பு அலகுகளுடன். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்து, இருவருக்கும் வேறு வேறு காணி உறுதி இருந்தால் இணைவீடு.

தொடர்மாடி என்பதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டாதன வரைபடம் (ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு அலகையும் தனித்தனி உடைமையாகக் காட்டும் வரைபடம்) காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லாமல் அப்படி எழுதினால், வங்கியின் மதிப்பீட்டாளர் கேட்கும் வரைபடத்தை உங்களால் காட்ட முடியாது, கோப்பு அங்கேயே நின்றுவிடும். மேல்மாடியை மட்டும் பிரித்து விற்கவும் இதே தடைதான்.

திருகோணமலையில் இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள்: உங்களிடம் இருப்பது உறுதியா, அரச காணி அனுமதிப்பத்திரமா, அரசு காணியை வழங்கிய அளிப்புப் பத்திரமா? பின்னிரண்டில் ஒன்று என்றால் வீட்டு வகையைப் பார்க்க முன்னர் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பேசுங்கள். உறுதி என்றால் புதிதாகத் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி) எடுத்து, சோலைவரிப் (உள்ளூராட்சி ஆதன வரிப்) பற்றுச்சீட்டின் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

பயன்பாட்டைக் கேட்டால், மேலே குடும்பம் இருக்கும்வரை 'வதிவிடம்' என்று எழுதுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.